இரவல் நோவு

திருநெல்வேலி
9.2.1992

அன்புள்ள தங்கச்சி மக்டலீனுக்கு,

அண்ணன் அருட்பிரகாசம் எழுதுவது. மாதாவின் காவலில் நீயும் உன் மகள், என் மருமகள் யசிந்தாவும் கொழும்பில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தை வழக்கமாக ஒரு வரியில் முடித்துவிடுவேன். இந்த முறை கடிதம் முழுவதும் அதுதான். பொறுத்துக்கொள்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் குருநகரை விட்டு எல்லோரும் ஓடியபோது மற்றவர்கள் பிள்ளைகளையும் வலைகளையும் தூக்கினார்கள். நான் கடற்றொழிலாளர் சங்கத்தின் காரியதரிசி என்றபடியால் சங்கத்தின் இரும்பு அலுமாரியைத் தூக்கினேன். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றும்போது அது வழுக்கி என் முதுகில் இறங்கியது. உள்ளே காசு இருந்ததாக ஊரில் இன்னும் கதை. இருந்தவை பதினாலு வருடத்துக் கூட்ட அறிக்கைகள். எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேறியவை. பாரம் அதிகம்தான்.

இரண்டு வருடமாகிறது. இப்போது குருநகரிலிருந்து இரண்டு மூன்று மைல் தள்ளி, இந்தத் திருநெல்வேலியில், பலாலி வீதியில் ஒரு தேநீர்க் கடையின் ஓரத்தில் மேசை போட்டு மனு எழுதுகிறேன். நிவாரண அட்டை, தொலைந்த அடையாள அட்டை, குடாநாட்டை விட்டு வெளியே போவதற்கு இயக்கம் தரும் பாஸ், எல்லாவற்றுக்கும். வேலைக்குப் பஞ்சமில்லாத தொழில். ஆனால் நாற்காலியில் இருந்துதான் எழுத வேண்டும். பத்து நிமிடம் இருந்தால் இடது இடுப்பில் தொடங்கி, தொடைக்குப் பின்னால் இறங்கி, குதிக்கால் மட்டுக்கும் யாரோ ஈரக் கயிறு ஒன்றைப் பிடித்து இழுக்கிறார்கள். பிறகு நாள் முழுவதும் தரையில் கிடக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஆறு மணித்தியாலம் வரிசையில் நின்றேன். நிற்கும்போது எனக்கு நோகாது. ஆகவே டொக்டருக்கு முன்னால் போனபோது நான் முழுச் சுகதேகி. அவர் நல்ல மனிதர். "ஐயா, உந்த நோவாலை நீங்கள் சாகமாட்டியள். சாகப்போறவைக்கே குடுக்க என்னட்டைக் காணாது" என்றார். பாமசிக்காரர் சண்முகநாதன் இன்னும் தெளிவாகச் சொன்னார்: "முந்திக் குளிசை இருந்தது, டொக்டரின்ரை துண்டு கேட்டம். இப்ப துண்டோடை வாறியள், குளிசை இல்லை. ரெண்டும் ஒருநாளும் ஒண்டாய் வரேல்லை." நாட்டு வைத்தியப் பரியாரி தந்த நோவெண்ணெயையும் பூசினேன். என் பாய் பூரண குணமடைந்தது.

போன வருடம் இங்கே வந்திருந்த வெளிநாட்டு டொக்டர் ஒருவர் பத்துக் குளிசை தந்தார். நீளமானது, வெள்ளை, நடுவில் ஒரு கோடு. ஒன்று போட்டால் நாலு மணித்தியாலம் நாற்காலியில் இருக்கலாம். அந்தக் குளிசை கொழும்பில் துண்டு இருந்தால் கிடைக்குமாம். ஆனால் நோயாளியை நேரில் பார்க்காமல் எழுதமாட்டார்களாம். நோயாளி வர பாஸ் வேண்டும். பாஸுக்கு உயிராபத்து வேண்டும். அது என்னிடம் இல்லை.

ஆகவே, மக்டா, என் நோவை உனக்குச் சில மாதம் இரவல் தருகிறேன். நீ போய் நோயாளியாக இரு. சொல்ல வேண்டியதைக் கவனமாகப் படி. இடது இடுப்பு, எலும்புக்கு நாலு விரல் கீழே. இருந்தால் கூடும், நின்றால் குறையும். எழும்பும்போது மேசையைப் பிடி. அழாதே, அழுகிறவர்களை அவர்கள் நம்புவதில்லை. சிரிக்கவும் வேண்டாம். குளிசையின் பெயரை மட்டும் சொல்லிவிடாதே. பெயர் தெரிந்த நோயாளி கள்ள நோயாளி. "நீளமாய், வெள்ளையாய், நடுவிலை கோடு போட்டது, அதுதான் கேட்டது" என்று சொல்லி நிறுத்து. பெயரை டொக்டரே கண்டுபிடிக்கட்டும். தாங்களாகக் கண்டுபிடித்ததைத்தான் அவர்கள் எழுதுவார்கள்.

பொய் சொல்லும் பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் என் கணக்கில் சொல்லிவிடு.

அன்பு அண்ணன்,
அருட்பிரகாசம்


கொட்டாஞ்சேனை
15.3.1992

அன்பு அண்ணைக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதம் முப்பது நாளில் வந்தது; இந்தக் காலத்துக்கு அது தந்தி மாதிரி. வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நீங்கள் எழுதியதைப் பாடமாக்கினேன். யசிந்தா மூக்குக்கண்ணாடி போட்டு டொக்டராக இருந்தாள். "அம்மா, நீங்கள் நோவைச் சொல்லேல்லை, மந்திரமாலை சொல்லுறியள். நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கோ" என்று மூன்று தரம் திருப்பிச் சொல்லவைத்தாள்.

லொட்ஜுகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துவிட்டு, விடிய ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் இலக்கம் எடுத்தேன். டொக்டர் வயதான மனிதர், எங்கள் பக்கத்து ஆள். தலை நிமிர்த்தாமல் கேட்டார்.

"எவ்வளவு காலம்?"

"ரெண்டு வருசம், டொக்டர்."

"என்னெண்டு வந்தது?"

அது உங்கள் பாடத்தில் இல்லை, அண்ணை. வாயில் வந்ததைச் சொன்னேன். "அலுமாரி விழுந்தது."

"வீட்டு அலுமாரியோ?"

"இல்லை, சங்கத்து அலுமாரி."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் என்ன, சங்கத்துக் காரியதரிசியோ?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல? அதையும் துண்டில் எழுதினார். இனிமேல் சங்கத்துக்கு இரண்டு காரியதரிசி.

முதுகைத் தட்டிப் பார்த்தார். இடது பக்கம் நீங்கள் சொன்ன இடத்தில் அமத்தினபோது "ஓம்" என்றேன். வலது பக்கம் விலாவுக்குக் கீழே அமத்தினபோது "ஐயோ" என்று கத்திவிட்டேன். அது நடிப்பில்லை, மனிசன் கிழவனென்றாலும் விரல் இரும்பு. குளிசையின் பெயரை அவரே கண்டுபிடித்தார். முப்பது எழுதினார். அடுத்த மாதம் வரும்போது எக்ஸ்றே எடுத்துக்கொண்டு வரட்டாம்.

குளிசையைச் சிமியோனிடம் கொடுத்துவிடுகிறேன். உங்களுக்குத் தெரியும், எங்கள் கோயிலடிச் சிமியோன், கருவாடு கொண்டு வந்து சவர்க்காரம் கொண்டு போகிறவன். ஆமியின் சோதனைச் சாவடியில் கேட்டால் தன் முதுகு நோவுக்கு என்று சொல்வானாம். கவனமாகப் பாவியுங்கள். இருந்து எழுதுங்கள்.

அன்புத் தங்கச்சி,
மக்டலீன்


திருநெல்வேலி
26.4.1992

அன்பின் மக்டா,

நீயும் யசிந்தாவும் சுகம் என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. நானும் இந்த முறை பொய்யில்லாமல் அதையே எழுதலாம். முப்பது குளிசையும் வந்து சேர்ந்தன.

சிமியோன் கதையைக் கேள். வவுனியாச் சாவடியில் ஆமிக்காரன் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து "இது யாருக்கு?" என்று கேட்டானாம். சிமியோன் இடுப்பைப் பிடித்துக் குனிந்து காட்டினானாம். "நட" என்றானாம். குனிந்தபடி நடந்திருக்கிறான். நிமிர்ந்தால் கூப்பிடுவானோ என்ற பயத்தில் கண்ணுக்கு மறையும் வரை குனிந்தே போனான். கிளாலியில் வள்ளத்தில் ஏறும் மட்டும் நிமிர மறந்துவிட்டானாம். வள்ளக்காரன் பாவம் பார்த்து முன்பக்கம், அணியத்தில் இடம் கொடுத்திருக்கிறான். "அண்ணை, உங்கடை நோவுக்கு நல்ல மரியாதை" என்கிறான்.

திங்கட்கிழமை ஒன்று போட்டேன். நாலு மணித்தியாலத்தில் பதினொரு மனு. கணவனைத் தேடும் ஒரு பெண்ணுக்கு மூன்று பக்கம் எழுதினேன். நடுவில் ஒருதரமும் எழும்பவில்லை. நாற்காலியில் இருக்கும் மனிதனை எல்லோரும் "ஐயா" என்கிறார்கள். தரையில் கிடந்தபோது "பெரியவர்" என்றார்கள்.

உன் நடிப்பு நன்று. ஆனால் அந்த எக்ஸ்றே ஆபத்து. இந்த நாட்டில் பொய் சொல்லத் தெரியாதது அந்த ஒரு இயந்திரம்தான். உன் முதுகெலும்பு நேராக இருப்பதைப் படத்தில் கண்டால் டொக்டர் துண்டைக் கிழித்துவிடுவார். பிறகு நானும் தரைக்குத்தான். எந்தக் காரணம் கொண்டும் படம் எடுக்க இணங்காதே. மூச்சு முட்டும் என்று சொல், நேர்த்திக்கடன் என்று சொல், காசில்லை என்று சொல். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு காரணம். காரணம் தீர்ந்தால் எழுது, என்னிடம் நிறைய இருக்கிறது, அதுதானே தொழில்.

அன்பு அண்ணன்,
அருட்பிரகாசம்


கொட்டாஞ்சேனை
21.6.1992

அன்பு அண்ணைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் நாற்காலியில் இருப்பதை நினைத்துச் சந்தோசம்.

போன மாதமும் இந்த மாதமும் நீங்கள் சொன்னபடி படத்தைத் தட்டிவிட்டேன். முதல் தரம் மூச்சு முட்டும் என்றேன். "மூச்சு முட்டாது, ஒரு நிமிசம்தான்" என்றார். இந்தத் தரம் நேர்த்தி என்றேன். "எந்தக் கோயிலிலை எக்ஸ்றே எடுக்கப்படாது எண்டு நேர்த்தி வைக்கினம்?" என்று சிரித்தார். ஆனாலும் முப்பது எழுதினார். பொல்லாத மனிசனில்லை.

ஒரு விசயம், அண்ணை. இந்த முறை உங்கள் நோவோடு கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம், உள்ளே ஒரு கல் வைத்த மாதிரி. படுத்தால்தான் கூடுது. எழும்பி இருந்து சுவரில் சாய்ந்தால் கொஞ்சம் குறையும். டொக்டர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அது உங்கள் பாடத்தில் இல்லை என்று தெரியும். சொன்னது பிழையோ?

யசிந்தா வணக்கம் சொல்லச் சொன்னாள்.

அன்புத் தங்கச்சி,
மக்டலீன்


திருநெல்வேலி
2.8.1992

அன்பின் மக்டா,

சுகம் விசாரித்து எழுதுகிறேன். குளிசை முப்பதும் கிடைத்தன.

நீ கேட்டபடியால் சொல்கிறேன்: பிழைதான். பெரிய பிழை. என் நோ இடது பக்கத்தது. அது விலாவுக்கு ஏறுவதில்லை. இருந்தால் கூடும், படுத்தால் குறையும். நீ சொன்னது அதற்கு நேர் எதிரானது. ஒரு நோயாளிக்கு இரண்டு நோ இருந்தால் டொக்டர் இரண்டையும் நம்பமாட்டார். இங்கே தினமும் பார்க்கிறேன். நிவாரண அட்டை கேட்டு வருகிறவர் அதே மனுவில் கூரைக்குக் கிடுகும் கேட்பார். அட்டையும் போகும், கிடுகும் போகும்.

உனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு. கதையைச் சொல்லச் சொன்னால் வால் வைத்துச் சொல்வாய். நான் தந்த நோவை மட்டும் சொல். அது போதிய அளவு நல்ல நோ. உன் கற்பனை தேவையில்லை.

அடுத்த முறை, முன்பு சொன்னது மாறிவிட்டது, இப்போது இடது பக்கம் மட்டும்தான் என்று திருத்திச் சொல்லிவிடு.

அன்பு அண்ணன்,
அருட்பிரகாசம்


கொட்டாஞ்சேனை
4.10.1992

அன்பு அண்ணைக்கு,

சுகம். திருத்திச் சொல்லிவிட்டேன்.

இத்துடன் இருபது குளிசை வருகிறது. இந்த முறை இவ்வளவுதான் ஏலும். பாமசியில் தட்டுப்பாடு.

இடியப்பம் அவிக்கிறதை விட்டுவிட்டேன். உரல் பிழிய இப்போது ஏலுதில்லை. யசிந்தா தையல் கடைக்கு வேலைக்குப் போகிறாள். கொழும்புத் தண்ணி எனக்குப் பிடிக்கவில்லை போல. சட்டை எல்லாம் பெருத்துப்போச்சு. யசிந்தாவுக்கு எல்லாவற்றையும் பிடித்துத் தைத்துத் தருவதே வேலை.

நீங்கள் குளிசையை அளவாகப் பாவியுங்கள்.

தங்கச்சி


திருநெல்வேலி
22.11.1992

அன்பின் மக்டா,

உன் கடிதம் பதினொரு வரி. சுகம் விசாரிக்க அதில் இடமில்லை போல, நான் விசாரிக்கிறேன். சுகமா?

இருபது குளிசை வந்தது. பத்துக் குறைவு. பத்துக் குளிசை என்றால் நாற்பது மணித்தியாலம். நாற்பது மணித்தியாலம் நான் தரையில் கிடந்து, வந்த சனத்தைத் திருப்பி அனுப்பினேன்.

தட்டுப்பாடு என்கிறாய். கொழும்பில் தட்டுப்பாடு என்றால் இங்கே இருப்பதற்கு என்ன பெயர் வைப்பது? சிமியோன் எடுத்திருப்பானோ என்று அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். கோபித்துக்கொண்டான். "அண்ணை, உங்கடை நோவைச் சுமந்து சுமந்து எனக்கு இப்ப நிமிர்ந்து நடக்கக் கூச்சமாய் இருக்கு. நான் எடுப்பனோ? பொட்டலம் ஒட்டினபடி தந்தனான். அக்காவைக் கேளுங்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஆகவே கேட்கிறேன். மிச்சப் பத்தும் எங்கே? லொட்ஜில் யாருக்காவது கொடுத்தாயா? கேட்கிறவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுக்கிற குணம் உனக்கு உண்டு. அது நல்ல குணம்தான், உன்னுடையதைக் கொடுக்கும்போது.

தண்ணி பிடிக்காவிட்டால் கொதிக்கவைத்துக் குடி.

அண்ணன்,
அருட்பிரகாசம்


கொட்டாஞ்சேனை
17.1.1993

அன்பு அண்ணைக்கு,

புது வருட ஆசீர்வாதம் உங்களுக்குக் கிடைக்கட்டும். நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை, அண்ணை. சிமியோனைக் கோபிக்காதேங்கோ.

பழைய டொக்டர் இளைப்பாறிவிட்டார். இப்போது ஒரு இளம் டொக்டர். என்ரை ஆஸ்பத்திரிக் கொப்பியை முதலில் இருந்து கடைசி வரை புரட்டினார். "பத்து மாசமாய் இந்தக் குளிசை எடுக்கிறியள். எத்தினை தரம் படம் எடுக்கச் சொல்லியிருக்கு? ஒவ்வொருக்காலும் ஒவ்வொரு காரணம். ஒருக்கால் இடது எண்டிறியள், ஒருக்கால் வலது எண்டிறியள், பிறகு இடது எண்டிறியள்" என்றார்.

அன்றைக்கு நான் உங்கள் பாடத்தைச் சொல்லவில்லை, அண்ணை. வேறு சொன்னேன். அழக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள், அதையும் மறந்துபோனேன்.

"அம்மா, உங்களுக்கு நோ இல்லை. குளிசை பழகிப்போச்சு. அழுது காட்டினா எழுதித் தருவன் எண்டு நினைக்காதேங்கோ. நல்லாய் நடிக்கிறியள்" என்றார். பின்னால் வரிசையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள்.

துண்டு தரவில்லை. வீட்டில் பதினொன்று இருந்தது. அனுப்புகிறேன். குறைவு என்று கோபிக்காதேங்கோ.

தங்கச்சி


திருநெல்வேலி
28.2.1993

மக்டா,

உன் கடிதமும் பதினொரு குளிசையும் நேற்று வந்தன.

நான் செய்ததை உள்ளபடி சொல்கிறேன். உன் மேல் எனக்குக் கோபம். எந்தெந்த மாதம் எத்தனை வந்தது, எத்தனை குறைந்தது என்று ஒரு முறைப்பாடு எழுத எண்ணினேன். அதற்குத் திகதிகள் வேண்டும் என்று உன் கடிதங்களை எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பிவைத்துப் படித்தேன். ஆயிரம் மனு எழுதியவன். ஒரு கட்டுக் காகிதத்தை வரிசையாக வைத்தால் எழுதியவர் மறைத்தது எது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். உன் கடிதங்களை ஒருநாளும் அப்படி வைத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் குளிசையின் எண்ணிக்கையைத்தான் முதலில் தேடினேன்.

மார்ச்சில் வலது விலா. ஜூனில் வலது விலா, படுத்தால் கூடுகிறது. ஒக்ரோபரில் உரல் பிழிய ஏலவில்லை, சட்டை பெருத்துவிட்டது, பத்துக் குளிசை இல்லை.

அந்தப் பத்தையும் யார் போட்டது என்று இனிக் கேட்கமாட்டேன்.

படம் எடு. இன்றைக்கே எடு. அந்த இளம் டொக்டர் துரத்தினால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கே சங்கம், அலுமாரி ஒன்றும் சொல்லாதே. உன் நோவைச் சொல். நீ ஜூன் மாதம் எனக்கு எழுதியபடியே சொல். அதில் திருத்த ஒன்றுமில்லை.

பதினொரு குளிசையையும் சிமியோனிடம் திருப்பி அனுப்புகிறேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். போட்டுக்கொண்டு படு. உடனே பதில் எழுது.

அருட்பிரகாசம்


கொட்டாஞ்சேனை
18.4.1993

அன்புள்ள மாமாவுக்கு,

யசிந்தா எழுதுகிறேன். அம்மாவுக்குப் பேனை பிடிக்க ஏலாது. அம்மா சொல்லச் சொன்னதை முதலில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே வேறு ஆஸ்பத்திரியில் படம் எடுத்தோம். வலது சிறுநீரகத்தில் தொடங்கி முதுகெலும்புக்குப் பரவிவிட்டதாம். இப்போது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டில் இருக்கிறா. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மண்ணிற மருந்து ஒன்று குடிக்கக் கொடுக்கிறார்கள். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணைக்குச் சொல்லு, இஞ்சை நல்ல கவனிப்பு. கேக்க முந்தியே மருந்து தருகினம். உண்மையாய் நோகுதோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

நீங்கள் திருப்பி அனுப்பிய பதினொன்றையும் பார்த்துச் சிரித்தா. வீட்டில் பாவிக்க என்று வார்டு டொக்டர் முப்பது எழுதித் தந்தார். அம்மாவுக்கு அது இப்போது கேட்காது. "என்ரை பேர் இப்ப நல்லாய்ச் செல்லுபடியாகுது. கேட்டால் எவ்வளவும் எழுதுவினம். அண்ணை இருந்து எழுதட்டும்" என்று நாற்பத்தொன்றையும் உங்களுக்கு அனுப்பச் சொன்னா. சிமியோன் அண்ணையிடம் கொடுத்திருக்கிறேன்.

இனி நான் எழுதுவது, மாமா. ஒரு வருசத்துக்கு முந்தி வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம், ஏன் வரவில்லை என்று டொக்டர் கேட்டார். அம்மாவின் செபப் புத்தகத்துக்குள் நீங்கள் போன வருடம் ஏப்ரலில் எழுதிய கடிதம் இருந்தது. எந்தக் காரணம் கொண்டும் படம் எடுக்க இணங்காதே என்று எழுதிய கடிதம். அதை எரித்துவிடச் சொல்லி அம்மா இரண்டு தரம் சொன்னா. எரித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எரிக்கவில்லை.

இரண்டு மாதம் என்கிறார்கள். முடிந்தால் வாங்கோ.

மருமகள்,
யசிந்தா


திருநெல்வேலி
13.6.1993

அன்பின் மக்டா,

யசிந்தாவின் கடிதம் நாற்பத்திரண்டு நாள் வழியில் இருந்தது. அவள் எழுதிய இரண்டு மாதத்தில் அஞ்சல் எடுத்தது போக மிச்சம் கொஞ்சம். ஆகவே சுகம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன். நீ வாசிப்பாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பாஸ் கேட்டு மனுப் போட்டேன். மற்றவர்களுக்கு இதே பாஸுக்கு நானூறுக்கு மேல் எழுதியிருக்கிறேன். எந்தக் காரணத்தை எந்த இடத்தில் வைத்தால் எடுபடும் என்று எனக்குத் தெரியும். என் மனுவில் பயணத்துக்கான காரணம் என்ற இடத்தில் மட்டும் அந்த வித்தை ஒன்றும் வரவில்லை. "என் சொல்லைக் கேட்டபடியால் என் தங்கச்சி சாகிறாள். அவளைப் பார்க்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தேன்.

பாஸ் கொடுக்கும் இடத்தில் இருந்த இயக்கப் பொறுப்பாளர் இரண்டு தரம் வாசித்தார். மரியாதையான ஆள். "ஐயா, நீங்கள் எழுதித் தாற மனுக்கள் எனக்குத் தெரியும். நல்ல வடிவாய் இருக்கும். உதென்ன உப்பிடி எழுதியிருக்கிறியள்? உதை ஆர் நம்புவினம்? அவவின்ரை ஆஸ்பத்திரித் துண்டோடை, ஒழுங்காய் எழுதிக்கொண்டு வாங்கோ" என்றார். ஆஸ்பத்திரித் துண்டு அங்கேயிருந்து வர இன்னும் நாற்பத்திரண்டு நாள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

யசிந்தா அந்தக் கடிதத்தை எரிக்க வேண்டாம். அவள் செய்தது சரி. அது நான் எழுதியது.

நாற்பத்தொரு குளிசையும் வந்து இரண்டு கிழமை. தொடுவதில்லை என்று இருந்தேன். அது ஒரு தண்டனையாக இருக்கும் என்று எண்ணினேன். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை நாலு நாள் எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் கை போகவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்பதென்றால்கூட நான் நாற்காலியில் இருக்க வேண்டியிருக்கிறது. இன்று காலை ஒன்று போட்டேன். இருபது நிமிடத்தில் நோ விட்டது. நல்ல குளிசை, மக்டா. யாருக்காக எழுதியது, யார் போட்டது என்று அது பார்ப்பதில்லை.

மன்னித்துக்கொள் என்று எழுத அரை மணித்தியாலம்தான் சென்றது. இன்னும் மூன்றரை மணித்தியாலம் இருக்கிறது. வெளியே ஏழு பேர் மனுவுக்கு நிற்கிறார்கள். உள்ளே வரச் சொல்லிவிட்டேன்.

அண்ணன்,
அருட்பிரகாசம்